ஆபரேட்டர் மனதில் இருந்த கட்டங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை பீளமேட்டில் ஒரு மில் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். எனக்கு அடுத்த மேசை டெலிபோன் ஆபரேட்டருடையது. என் வயதுதான் அவருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியில் அவரை மிஞ்ச அந்த அலுவலகத்தில் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் பேனாவும் கையுமாக எதிரில் உட்கார்ந்துவிடுவார். எந்த வரிசையில் எத்தனை வெள்ளைக் கட்டம், எங்கே கறுப்பு என்று ஆபரேட்டருக்கு ஒரு தடவை சொன்னால் போதும். நடுவில் மணி அடிக்கும். எடுத்து, கேட்டவருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, "ஏழு மேலிருந்து கீழ், மூணாவது எழுத்து 'ரு' வரோணுமுங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பத்திரிகையைக் கையில் வைத்திருந்த நாங்கள்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சரி என்போம்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் மில்லின் கிளை அலுவலக ஆபரேட்டர். அவருக்கும் பார்வை இல்லை. இருவரும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்றவர்கள். அங்கிருந்து அழைப்பு வந்தால், பேச வேண்டியவர்கள் பேசி முடித்த பிறகு, இவர்கள் இருவரும் ஒரு நிமிடம் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் ஒரே ஒரு குறிப்பு பாக்கி நின்றது. 'கோவைக்காரர் குடியிருப்பார், நெசவாளர் குறுக்கே ஓட்டுவார்.' இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து 'டு' என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. தஞ்சாவூர்க்காரர் யோசிக்காமல் 'வீடு' என்று மையால் எழுதிவிட்டார். நெசவாளருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். போட்டி நடத்துகிறவர்கள் சும்மா குழப்புவார்கள் என்றார்.

ஆபரேட்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குறிப்பை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"குடியிருக்கறது எல்லா ஊர்க்காரங்களுந்தானுங்களே. கோவைக்காரர்னு எதுக்குங்க தனியாச் சொல்லோணும்?"

 கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, சாயங்காலம் எங்கீங்க போவீங்க?"

"வீட்டுக்கு."

"உங்க அம்மாகிட்ட அதை எப்படிங்க சொல்லுவீங்க?"

எனக்கு முகம் சூடானது. கல்லூரி விடுதியில் வெளியூர்ப் பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிறகு, பாடுபட்டு நாக்கிலிருந்து விலக்கி வைத்திருந்த சொல் அது. சிங்காநல்லூரில் அம்மாவிடம் மட்டும்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது. "ஊடு" என்றேன் மெதுவாக.

"அதேதானுங்க. எங்கய்யன் தறி ஓட்டுனவருங்க. நீளமாப் போற நூல் பாவு. அதுக்குக் குறுக்கே போறது ஊடு."

தஞ்சாவூர்க்காரர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து போய், அடித்தல் திருத்தல் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று, அதே பத்திரிகையில் இன்னொரு பிரதி வாங்கி வந்தார். புதிதாக நிரப்பி, ஆபரேட்டர் பெயரில் அனுப்பினோம். அன்றே அவர் அந்தச் சொல்லைக் கோபிக் கூட்டாளிக்கும் சொல்லிவிட்டார். போட்டியாளருக்கே விடையைக் கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, வேறு இரண்டு விடைகள் கோபியிலிருந்துதான் வந்தன என்றார்.

மூன்று வாரம் கழித்து, எல்லா விடையும் சரியாக எழுதியவர்களின் பட்டியல் வந்தது. நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவர் பெயர் வந்தபோது தஞ்சாவூர்க்காரர் மேசையில் தட்டினார். ஆபரேட்டர் சிரித்தார், ஆனால் நிறுத்த விடவில்லை. மீதியையும் வாசிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தின வரியில் கோபிக்காரர் பெயர் இருந்தது.

ஆபரேட்டர் உடனே கோபிக்கு எண்ணைச் சுழற்றினார். அங்கே அன்று பத்திரிகை படித்துச் சொல்ல ஆள் இருந்தாரோ இல்லையோ.

"ஏனப்பா," என்றார், "உம்பட பேரு வந்திருக்குது." தன் பெயரைப் பற்றி, அந்தப் பக்கத்தில் கேட்ட பிறகுதான் சொன்னார்.