மூணு கொட்டேஷன் மாமா வாங்கிய பைனாகுலர்

என் அக்கா புருஷனுக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் ‘மூணு கொட்டேஷன்’. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் வேலை. பஞ்சு வாங்கினாலும் சரி, பிணவறைக்குக் குளிர்பெட்டி வாங்கினாலும் சரி, மூன்று கடைகளில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதி ஆபீசோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மனிதர் அதை டிபன் பாக்ஸோடு சேர்த்து வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குடை வாங்க மூன்று கடை. குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க மூன்று கடை. ஒருமுறை எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் நின்ற என்னை மூன்று டாக்டர்களின் படிகளில் ஏற்றி இறக்கினார். மூன்றாவது டாக்டர்தான் மலிவு. அவர் பிடுங்கியது பக்கத்துப் பல்.

அக்கா ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டைகளில் எங்கேயாவது தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நாள் முழுக்கக் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் ஏதோ ஒரு சட்டை. எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள். வாயில்லாப்பூச்சி என்று சொல்ல வந்தேன், அது சரியில்லை. வாய் இருக்கிறது, ஆனால் அது என்னிடம் மட்டும்தான் திறக்கும்.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தும் தலைவலி தாங்காமல் அவள் கண் டாக்டரிடம் போனபோது அவர், “கிட்டவே பார்த்துப் பார்த்துக் கண்ணு களைச்சுப்போச்சும்மா. தினமும் கொஞ்ச நேரம் தூரத்துல எதையாவது பாருங்க” என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் வீடு நாலாவது மாடி. பால்கனிக்குக் கீழே காம்பவுண்டுச் சுவர், சுவரைத் தாண்டினால் ஏரி, ஏரிக்கு நடுவில் ஒரு பட்ட மரம். வேலை முடிந்து வந்ததும் அக்கா அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். அப்போதுதான் மரத்தின் உச்சியில் இரண்டு நாரைகள் கூடு கட்டுவதைக் கண்டுபிடித்தாள்.

“டேய், ஒண்ணு குச்சி கொண்டு வருதுடா. இன்னொண்ணு அதை வாங்கிச் சொருகுது. பிடிக்கலேன்னா தூக்கிப் போட்டுடுது. மூஞ்சிதான் தெரிய மாட்டேங்குது” என்று எனக்கு போன் பண்ணினாள். அவள் குரலில் அவ்வளவு துள்ளலை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் மாமாவிடம் கேட்டிருக்கிறாள். “என்னங்க, ஒரு பைனாகுலர் இருந்தா நல்லாப் பார்க்கலாம்ங்க. குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும்தான் அதுங்க இங்க இருக்கும்.”

“பார்க்கலாம்” என்றார் மாமா.

நம் மொழியில் இதைவிட வசதியான சொல் கிடையாது. கண்ணால் பார்க்க முடியும் என்றும் அர்த்தம், ஆளை விடு தாயே என்றும் அர்த்தம். மாமா வாயிலிருந்து வரும்போது அது எப்போதும் இரண்டாவதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் எடுத்துவைத்துப் பழகியவள்.

ஆனால் இந்தத் தடவை மாமா நிஜமாகவே கடைக்குப் போய்விட்டார். அங்கேதான் சனி பிடித்தது. கடைக்காரர் உயர்ந்த ரகத்தில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். மறுநாள் என் ஜெராக்ஸ் கடைக்கு ஓடிவந்தார்.

“மாப்ளே, எதிர்க் கட்டடத்துல ஒருத்தன் பல்லு குத்திக்கிட்டிருந்தான். குச்சி தெரிஞ்சுது மாப்ளே! குச்சியோட நுனி தெரிஞ்சுது!”

“அப்புறம் என்ன மாமா, வாங்கிட வேண்டியதுதானே?”

“அதெப்படி? பக்கத்துத் தெருவுல மலிவா ஒண்ணு இருக்கு. அதுலயும் பார்த்தேன். பல்லு குத்துறது தெரியுது, குச்சி தெரியல. ஓரத்துல எல்லாம் ஊதாக் கலர் அடிக்குது. ஆனா முதல்ல பார்த்ததோட விலைக்கு இதுல பத்து வாங்கலாம்.”

பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. மாட்டும்போதே கிழியும் கையுறை, தள்ளினால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர் என்று வாழ்நாள் முழுக்கக் குறைந்த விலையையே வாங்கி, நர்சுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். ஒரே ஒரு தடவை நல்ல சரக்கு வாங்க ஆசைப்பட்டார். நல்லதை நினைத்தால் விலை மிரட்டியது. மலிவை நினைத்தால் அந்தக் குச்சி ஞாபகம் வந்தது.

அதன்பிறகு வீட்டில் தினமும் பாடம் நடந்தது. எட்டுக்கு நாற்பத்திரண்டு என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். பத்துக்கு ஐம்பது என்றால் இன்னும் பெரிது, ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். விளம்பரத் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

“முட்டை பொரிச்சிருச்சு போலிருக்குங்க. கூட்டுக்குள்ள என்னமோ அசையுது” என்பாள் அக்கா.

“அவசரப்படாதே. உள்ளே தண்ணி புகுமா புகாதான்னு இன்னும் தெளிவாகல” என்பார் மாமா.

உண்மையான சிக்கல் தண்ணீர் இல்லை. ஊரில் பைனாகுலர் விற்பது இரண்டே கடைகள். மூன்றாவது கொட்டேஷன் கிடைக்கவில்லை. மூன்றாவது இல்லாமல் மாமாவின் மண்டைக்குள் ஃபைல் நகராது. நல்லதை வாங்கினால் அதிக விலைக்கு வாங்கியவன் ஆகிறார், மலிவை வாங்கினால் பழையபடி அதே ஆள் ஆகிறார். நடுவில் உட்கார இடமில்லை.

இதற்குள் நாரைக் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் ஏறி நின்று இறக்கையை அடித்துப் பழக ஆரம்பித்துவிட்டன. அக்காவுக்கு அது இரண்டு புள்ளிகள் தள்ளாடுவது போலத் தெரிந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. “பறந்துட்டா போச்சுங்க. கீழே இறங்கி ஏரிக்கரையில நின்னு பார்க்கலாமா?” என்று கேட்டாள்.

“பார்க்கலாம்” என்றார் மாமா, விளம்பரத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா அன்றைக்கு முதல்முறையாக அந்தச் சொல்லுக்கு அகராதியில் இருக்கிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். புருஷனே பார்க்கலாம் என்று சொன்னபிறகு என்ன தடை? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கரையில் ஒரு பெஞ்ச். பெஞ்சில் ரிட்டயரான நர்சம்மா ஒருத்தி. அவளிடம் பொம்மைக் கடை ரகத்தில் ஒரு பைனாகுலர். ஒரு பக்கம் புகை படிந்துபோனதால் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மறுநாளும் போனாள். அப்புறம் தினமும். மாமா வருவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். குஞ்சுகளில் சோம்பேறி எது, அடாவடி எது என்று எனக்கு போனில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். மாமா ஒன்றும் கவனிக்கவில்லை. அவர் தூரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கடைசியில் என் பொறுமைதான் போனது. என் கடை லெட்டர்பேடில் ‘பைனாகுலர் ஒன்று’ என்று டைப் அடித்து, உயர்ந்த ரகத்தைவிட இன்னும் கால் பங்கு கூட்டி ஒரு விலை போட்டு அவரிடம் நீட்டினேன்.

“இந்தாங்க மாமா, மூணாவது.”

“உன் கடையில ஏது மாப்ளே பைனாகுலர்?”

“உங்க ஆபீசுக்கு வர்ற மூணாவது கொட்டேஷன்காரன் எல்லாம் சரக்கு வச்சிருக்கானா?”

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். மாமா தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, “சீல் இல்லையே” என்றார். சீலும் குத்திக் கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அடடா! இப்போது உயர்ந்த ரகம் நடு விலையாகிவிட்டது. நடுவில் இருப்பதை வாங்கியவனை யார் என்ன கேட்க முடியும்? நேராகப் போய் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அக்கா வீட்டில் இல்லை. “கடைக்குப் போயிருப்பா. வரட்டும், அசந்துபோயிடுவா” என்று பெட்டியைப் பிரித்தார். லென்சைத் துணியால் துடைத்தார், பால்கனிக்குப் போனார். சாயங்கால வெயில் ஏரிமேல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

“கூடு காலியா இருக்கே மாப்ளே” என்றார். பைனாகுலரை அங்கும் இங்கும் திருப்பினார். கரைப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

கீழே பெஞ்சில் அக்காவும் நர்சம்மாவும் வானத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெறும் கண்ணால் சேலை நிறம்தான் தெரிந்தது. மாமா நெடுநேரம் பார்த்தார். நான் கேட்டும் என்னிடம் தரவில்லை. கையை இறக்கியபோது அவர் முகம் நன்றாக இல்லை.

அக்கா மூச்சு வாங்க மேலே ஏறிவந்தாள். “பறந்துருச்சுங்க! ரெண்டும்! அந்தச் சோம்பேறியும் பறந்துருச்சுடா தம்பி!” என்று கத்தினாள். பிறகுதான் மேசைமேல் இருந்த பெட்டியைக் கவனித்தாள். “அட, வாங்கிட்டீங்களா?”

மாமா அவள் பக்கம் திரும்பினார். “இப்பத்தான் பார்த்தேன், உன் கண்ணாடிக் காம்பு எப்போ உடைஞ்சுது?” என்று கேட்டார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு பக்கக் காம்பு முறிந்து, வெள்ளை நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. நூல் பழுப்பேறிப் போயிருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

“இதுவா? பழகிப்போச்சுங்க, ஞாபகம் இல்லை. எங்கேருந்து பார்த்தீங்க?”

மாமா பால்கனியைக் காட்டினார்.

அக்கா பால்கனியைப் பார்த்தாள், பிறகு தினமும் அவருக்கு எதிரே தான் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலியைப் பார்த்தாள். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, பெட்டிமேல் ஆசையோடு கையை வைத்தாள்.

“அவ்வளவு தூரத்துலேருந்தா தெரிஞ்சுது?” என்றாள். “அப்போ நல்ல பொருளாத்தாங்க வாங்கியிருக்கீங்க.”