எட்டுப் பாட்டும் என் காதும்

அன்றைக்கு ஸ்டுடியோவில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, ஒரகடத்தில் என்னோடு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் திருநெல்வேலிக்கார நண்பன், ஸ்டுடியோக்காரர். என் பாட்டுகளுக்கு உறுமியும் டிரம்ஸும் வாசித்தவன் அந்த நண்பன்தான். ஸ்டுடியோ என்பது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் எட்டுப் பாட்டு எழுதி, கிடார் வாசித்து, பாடி, ஆல்பமும் போட்டுவிட்டான் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ரெக்கார்டிங் நடந்த ஏழு மாதமும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். கரண்ட் போகும், தொண்டை கட்டும், ஹார்ட் டிஸ்க் எரியும், உறுமியின் தோல் கிழியும். எல்லாவற்றுக்கும் முறை வைத்துப் பயந்தேன். காதுக்கு மட்டும் பயப்படவில்லை.

ஆல்பத்தை முந்தின நாளே இணையத்தில் ஏற்றிவிட்டோம். மனைவிக்கு நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் காட்டலாம் என்றுதான் அவளை அழைத்துப் போயிருந்தேன். முதல் பாட்டு பாதிகூட ஓடவில்லை. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, தகரத்தக் கிழிக்கிற மாதிரி கீது?"

"நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"அருமையால்லா இருக்கு மதினி" என்றான் நண்பன்.

ஸ்டுடியோக்காரர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "நான் அப்பவே சொன்னேன் சார். நீங்க ரெண்டு பேருதான் கீச்சு சவுண்ட இன்னும் ஏத்து, இன்னும் ஏத்துன்னீங்க. துட்டு குடுக்கறவரு கேக்கறாரு, ஏத்திட்டேன்."

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணன் ஆல்பத்தைப் போட்டார். சேரப்பணஞ்சேரி தாண்டுவதற்குள் பஸ் இரண்டாகிவிட்டது. முன் சீட்டில் பாகம் பூட்டும் அசெம்பிளிக்காரர்கள், "யோவ், ஆஃப் பண்ணுய்யா, பல்லு கூசுது" என்று கத்தினார்கள். பின் சீட்டிலிருந்து, "வையிண்ணா, சவுண்டு பத்தல" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் ரசிகர்கள் எல்லோரும் ஒரே டிபார்ட்மென்ட், எங்கள் பிரஸ் ஷாப்.

அன்றைக்குத்தான் எனக்கு என் காது மேல் சந்தேகம் வந்தது.

கம்பெனியில் இரைச்சலுக்குக் காதில் வைக்க ஆரஞ்சு நிறப் பஞ்சு கொடுப்பார்கள். ஆறு வருஷமாக அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தோம். காதில் வைத்தால் மெஷின் சத்தம் மாறுவது கேட்காது. தகட்டை அழுத்தும் அச்சு உடையப்போகிறது என்பதை அந்தச் சத்தம்தான் முதலில் சொல்லும். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். பாட்டுக்காரன் காது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமையில் பஞ்சை அப்படியே பையிலேயே துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் இணையத்தில் ஒருவர் விமர்சனம் எழுதினார். ஆலை இரைச்சலையே எதிர்ப்புக் குரலாக்கியிருக்கிறேனாம், ஐந்தாவது பாட்டின் கிறீச்சிடல் துணிச்சலானதாம். முதல் முறை படித்தபோது புரியவில்லை. இரண்டாம் முறை, ஹெச்.ஆர். படித்தால் என்ன ஆவது என்று தோன்றியது. நான் யாரையும் எதிர்க்கவில்லை. ஐந்தாவது பாட்டு செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் வாங்கப் போனதைப் பற்றியது.

விமர்சனத்தை நண்பனிடம் காட்டினேன். "ஏல, அப்படியே இருக்கட்டும்ல. வேணும்னுதான் பண்ணோம்னு சொல்லிரு" என்றான். சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டு எனக்கு இனிமேல் கேட்குமா என்பதுதான் என் கவலை. கேட்காவிட்டால் இன்னொரு பாட்டு எப்படிப் போடுவது?

காது டாக்டரிடம் போனேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. டெஸ்ட் முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றினேன். பாதிதான் முடிந்திருந்தது.

"கீச்சுச் சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்கோங்க" என்றார் டாக்டர்.

"பாடலாமா சார்?"

"தாராளமா பாடுங்க. அது எப்படிக் கேக்குதுன்னு மட்டும் வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வரேன்னு அந்த ஸ்டுடியோ ஆளுக்குப் போன் போடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன், காதில் பஞ்சோடு. "எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், போதும்." எட்டுப் பாட்டுக்கும் இதேதான். முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். யாரோ போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது.

"நல்லா இருக்குதா?" என்றேன்.

"இப்பத்தான்யா உன் கொரலே கேக்குது."

நம்பினேன். எனக்கு வேறு வழியும் இல்லை. மறுபடி மிக்ஸ் செய்ததற்கு ஸ்டுடியோக்காரர் பத்தாயிரம் கேட்டார். கையில் இருந்த மூவாயிரத்து ஐந்நூறைக் கொடுத்தேன். இன்னும் தர வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.