ஓசி அடி

எங்கள் வீட்டில் அரக்கன் என்றால் ஊறுகாய் பாட்டில்தான். எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்த பிறகு கழுவிக் காயவைத்தது. சார்ட் பேப்பரில் நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்களில் சரியாக நான்கை அடைத்துக்கொண்டு நிற்கும். எதிரே மூன்று சோடா மூடிகள். சிவப்பு மூடி அண்ணன், பச்சை என் மனைவி, மஞ்சள் அண்ணன் மனைவி, என் மதினி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோவில்பட்டி வெயில் தெருவைக் காலி செய்துவிட்ட நேரத்தில், நாங்கள் நான்கு பேரும் மாடி அறையில் பேப்பரை விரித்து மூலைக்கு ஒரு கல் வைத்து உட்காருவோம். ஃபேன் காற்றில் மூடி நகர்ந்துவிட்டால் போச்சு. யார் எந்தக் கட்டத்தில் நின்றார்கள் என்று அதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆபீஸ் நண்பர்களிடம் கற்றுக்கொண்ட விளையாட்டு இது. டேபிள்டாப் ரோல்பிளே கேம் என்பார்கள். திரை கிடையாது, பொத்தான் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ வேண்டும். சண்டை வந்தால் மட்டும் கட்டம், பகடை, விதிப் புத்தகம். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊருக்கு வந்தேன், புத்தகமும் கூடவே வந்தது. கதை சொல்கிறவன் நான். தீர்ப்பும் என்னுடையது. இந்த இரண்டாவது வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமும் இல்லை.

அண்ணனுக்குக் கயத்தாற்றில் உரக்கடை. நாள் முழுக்க விவசாயிகளோடு பேரம் பேசிப் பழகிய வாய். புத்தகத்தில் எந்த வரியை வாசித்தாலும் அதில் ஒரு ஓட்டை இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. ஒருவர் தன் முறை வரும்போது ஆறு கட்டம் நடக்கலாம், சகதியாக இருந்தால் ஒவ்வொரு கட்டமும் இரண்டாகக் கணக்கு என்று ஒரு விதி. இதை நான் வாசித்த அன்றைக்கு அண்ணன் சார்ட் பேப்பரையே உற்றுப் பார்த்தான்.

"ஏலே, இது எந்த ஊரு சகதி?"

"சகதின்னா சகதிதான அண்ணே."

"அப்படி எப்படிச் சொல்லுத? செவக்காட்டுச் சகதின்னா ரெண்டு சரி. கரிசச் சகதி காலோட கூட வரும்லா. மொத எட்டுல செருப்பு போகும். ரெண்டாவது எட்டுல காலு ரெண்டும் யானைக் காலு. மூணாவது எட்டுல நின்னு குச்சிய வச்சு வழிக்கணும். அப்புறந்தான் மறு எட்டு."

மழைக்குப் பிறகு எங்கள் கரிசல் காட்டில் நடந்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. புத்தகம் எழுதியவர் கரிசலில் நடந்ததில்லை என்று தீர்ப்புச் சொல்லி விதியை மாற்றினேன். அன்றிலிருந்து எங்கள் கதையில் சகதி வந்தால் வீரர்கள் வாளை உறையில் போட்டுவிட்டுக் கால் வழிப்பார்கள். எதிரியும் எதிரே நின்று வழித்துக்கொண்டிருப்பான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

என் மனைவி நேர் எதிர். அவளுக்குப் புத்தகத்தில் இருப்பதுதான் வேதம். போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே வரி எண்ணோடு வாசிப்பாள். இவர்கள் இருவரும் மோதும்போது நான் நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பேன்.

மதினி விதி பேசவே மாட்டார். மூடியை நகர்த்துவார், பகடை உருட்டுவார், சிரிப்பார். முதல் நாள் நீங்கள் யாராக வர விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது அண்ணன் முந்திக்கொண்டு, "ராணின்னு போடு" என்றான். மதினி வேண்டாம் என்று தலையாட்டினார். "ஆடு மேய்க்கிறவ. கையில நீளமா ஒரு தொரட்டி இருக்கட்டும். அது போதும்." கழுகுமலைப் பக்கம் அவர் பிறந்த வீட்டில் ஆட்டுக்குக் குழை இழுத்துப் போடும் கொக்கி மாட்டிய கம்பு அது. அரக்கனை எதிர்க்கத் தொரட்டியா என்று சிரித்தோம். ஆனால் எங்கள் ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான், அந்தப் பாத்திரத்தின் தாளைக் கிழித்துவிடுவேன். அண்ணன் அப்போது நான்காவது வீரனில் இருந்தான். மனைவிக்கு அது மூன்றாவது மந்திரக்காரி. இரண்டு வருஷமாக ஒரே பாத்திரம், ஒரே தாள் என்று வைத்திருந்தவர் மதினி மட்டும்தான். அந்தத் தாளின் ஓரத்தில் அவரே பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு ஆடு வரைந்திருந்தார்.

இனி ஓசி அடி. எதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிற ஒருவர் சட்டென்று விலகி ஓடினால், எதிரி தன் முறைக்குக் காத்திருக்காமல் அவர் மேல் ஒரு அடி போடலாம். சும்மா கிடைக்கிற அடி என்பதால் அண்ணன் அதற்கு வைத்த பெயர் ஓசி அடி. அது வேண்டாம் என்றால் தன் முறை முழுவதையும் செலவழித்து மெல்லப் பின்வாங்க வேண்டும். எங்கள் சண்டைகளில் பாதி இதை வைத்துத்தான் வரும். விலகினாரா, நகர்ந்தாரா, பக்கத்துக் கட்டம் என்றால் மூலைக் கட்டமும் சேருமா என்று மணிக்கணக்கில் பேசுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையில் கண்மாய் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கரை மேல் அரக்கன். அவனுக்கு அந்தப் பக்கம் மடை. அந்தச் சுற்று முடிவதற்குள் மடைப் பலகையைத் தூக்காவிட்டால் கரை உடைந்து ஊர் போய்விடும், தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். மூன்று மூடிகளும் பாட்டிலை ஒட்டி நின்றன. அண்ணனுக்கு உயிர்ப் புள்ளி நான்கு, மனைவிக்கு இரண்டு, மதினிக்கு ஏழு. அரக்கனின் அடி இரண்டு பகடை. அதன் கூட்டுத்தொகை உயிரிலிருந்து போகும்.

அண்ணன் தலைவன் தோரணையில் முடிவு சொன்னான். ஊர் போனால் போகட்டும், மூன்று பேரும் மெல்லப் பின்வாங்க வேண்டும், உயிர்தான் முக்கியம். முதல் முறை மதினியுடையது. அவர் மஞ்சள் மூடியை எடுத்து, பாட்டிலைத் தாண்டி மடைப் பக்கமாக ஆறு கட்டம் நேராகக் கொண்டுபோய் வைத்தார்.



"ஏட்டி, என்ன பண்ணுத? பைய பின்வாங்கணும்னுதான சொன்னேன்" என்றான் அண்ணன். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இது செல்லாதுலே. அவ தெரியாம வச்சிட்டா. திரும்ப எடுத்துக்கிடட்டும்."

விதிப்படி மூடியை வைத்துக் கையை எடுத்துவிட்டால் வைத்தது வைத்ததுதான். பகடையில் ஏழோ அதற்கு மேலோ விழுந்தால் தொரட்டிக்காரி அவ்வளவுதான். பாதிக்குமேல் அப்படித்தான் விழும். அண்ணன் விடுவதாக இல்லை. அரக்கனுக்குக் கை எவ்வளவு நீளம் என்று கேட்டான். கரை மேல் சகதி உண்டா, இருந்தால் மதினி ஆறு கட்டம் போயிருக்கவே முடியாதே என்றான். கரிசச் சகதி விதியை அவனே கொண்டுவந்து நீட்டினான். எப்போதும் புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டிருக்கும் என் மனைவிகூட, "பாவம் அக்கா, ஒரு தடவை விட்டுருங்களேன்" என்றாள். நடுவில் அண்ணனின் போன் இரண்டு தரம் அடித்தது. அப்பா. மறுநாள் காலை, அவரும் அம்மாவும் இருக்கிற இடைசெவலில் குலசாமிக்குப் பொங்கல், ஞாயிறு சாயங்காலமே விளக்கு வைக்கும் முன் வந்து சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாதாடினான். ஒரு சோடா மூடிக்காக அவன் அவ்வளவு பதறியதைப் பார்த்தபோது எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சரி மதினி, இந்த ஒரு தடவை திரும்ப எடுத்துக்கிடுங்க" என்று சொல்லியே விட்டேன்.

"எதுக்கு தம்பி?" என்றார் மதினி. "தெரிஞ்சுதான் நகத்துனேன்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"ஓசி அடி ஒரு சுத்துக்கு ஒண்ணுதான? என்னைய ஒரு அடி அடிச்சிட்டான்னா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அவன் கண்ணு முன்னாடியே ஓடலாம்லா. எங்கிட்டத்தான் ஏழு இருக்கு. ரெண்டு வச்சிருக்க இவ மொதல்ல ஓடுனா போயிருவா."

என் மனைவி அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினாள். இருந்தது. ஒரு சுற்றில் ஒருவர் போடக்கூடிய ஓசி அடி ஒன்றே ஒன்றுதான். அந்த வரியை அவளே எங்களுக்குப் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறாள். எதிரி இரண்டாவது அடி போடாமல் தடுக்க மட்டும்தான் அதைப் பயன்படுத்தினோம். முதல் அடியை நாமே கேட்டு வாங்கி எதிரியின் கையைக் காலி செய்யலாம் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

"இது எப்படிட்டி ஒனக்குத் தெரியும்?" என்றான் அண்ணன்.

"இதுல என்ன இருக்கு? மாமாவும் அப்படித்தான. மொத ஆளு வாசப்படி ஏறும்போது ஒரு மூச்சு ஏசிருவாவ. அடுத்த ஆளுக்கு மூச்சு இருக்காது."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு வேறு என்னவோவும் வந்தது. அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில், எல்லோரும் இடைசெவலில் இருந்தபோது, நானும் அண்ணனும் மதினியும் கோவில்பட்டிக்குச் சினிமா பார்க்கப் போய்விட்டுப் பிந்தித் திரும்பும்போதெல்லாம் மதினிதான் முதலில் படி ஏறுவார். அப்பா வாசலிலேயே பிடித்துக்கொள்வார். அந்தச் சந்தில் நானும் அண்ணனும் பூனை மாதிரி அடுக்களைக்குப் போய்விடுவோம். பாவம், வெள்ளந்தி, வீட்டு நிலவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறாள் என்று அம்மா சொல்லும், நாங்களும் சூடான தோசையைத் தின்றுகொண்டே ஆமாம் என்போம். அத்தனை தடவையும் மதினி தெரிந்துதான் படி ஏறியிருக்கிறார். அண்ணன் மஞ்சள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கமாகப் பழைய காலண்டர் அட்டையை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் அரக்கனுக்குப் பகடை உருட்டுவேன். அன்றைக்கு அட்டையைத் தூரப் போட்டேன். எல்லோரும் பார்க்க உருட்டினேன். ஒரு பகடையில் ஒன்று, இன்னொன்றில் நான்கு. ஏழில் ஐந்து போக மிச்சம் இரண்டு. தொரட்டிக்காரி பிழைத்துக்கொண்டாள். அண்ணனும் என் மனைவியும் ஊறுகாய் பாட்டிலின் மூக்குக்கு நேராகவே மூடிகளை நகர்த்திக்கொண்டு போய் மடையைத் திறந்தார்கள். என் மனைவி கைதட்டிய சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மதினி தன் தாளில் ஏழு என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார், பக்கத்தில் இன்னொரு ஆடும் வரைந்தார்.

இரண்டு பைக்குகளில் இடைசெவல் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. அப்பா வாசலில் நின்றார். மதினி எப்போதும்போல இறங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் நிறுத்திவிட்டு, தான் முன்னால் ஏறினான்.

"ஏலே, இதான் வார நேரமா?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"இல்லப்பா, வண்டி பங்க்சர்..."

"எங்கன பங்க்சர்? எந்தக் கடையில ஒட்டுன?"

அண்ணன் ஒரு கடையைச் சொன்னான். அந்தக் கடைக்காரர் அன்றைக்குக் காலையிலிருந்து எங்கள் ஊரில்தான் இருக்கிறார், கொஞ்ச நேரம் முன்பு இந்த வாசல் வழியாகத்தான் போனார் என்றார் அப்பா. குரல் இன்னும் ஏறியது. மதினி பின்னாலிருந்து அண்ணனின் சட்டையை இழுத்தார்.

"பதில் சொல்லாதீய. மூச்சு திரும்பிரும். சும்மா நின்னு வாங்கிக்கிடுங்க."

அண்ணன் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அப்பா உரக்கடையில் தொடங்கி அவன் பத்தாம் வகுப்பு மார்க் வரைக்கும் போனார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய கண் முன்னாலேயே, அவசரமே இல்லாமல், அடுக்களைக்குப் போனோம். அம்மா கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தது. மதினி பலகையை இழுத்துப் போட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். இரண்டு தோசை ஆனதும் வாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு வைங்க அத்தை. அங்கன முடிய இன்னும் நேரமாகும்."