பழுதை மறந்த கார்

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு வெளிநாட்டுக் காருக்கு டிரைவர். ஒருநாள் முதலாளி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, திருத்தணி மலை அடிவாரத்தில் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி நின்றால் என் வேலை போய்விடும் என்று அங்கே கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். காதில் பீடி சொருகியிருந்த அவர், எந்த வண்டிக்கும் செய்வதுபோல் பேட்டரி வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதன்பின் விளக்கு எரியவில்லை. எனக்குத் தைரியமாக இருக்கட்டுமென்று அவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாதி மலையில் என்ஜின் நின்றது. விளக்கு திரும்ப எரிந்தது. கிருத்திகைக் கூட்டம், காவடிகள் நெருக்கியதில் கதவைக்கூடத் திறக்க முடியவில்லை.

“வயர கழட்டினதுல வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு கோளாறு மறந்துபோச்சு. ஆனா அது அப்டியே இருந்துகினுதான் இருக்குது,” என்று மெக்கானிக் என்னிடம் முணுமுணுத்தார்.

முதலாளி விழித்துக்கொண்டார். “ஏன் நிக்குது?”

“கூட்டங்க,” என்ற மெக்கானிக், எட்டி அந்த விளக்கை உள்ளங்கையால் மூடினார்.

அந்தக் கை காத்தது தன் பெயரையா, என் வேலையையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.