கால்வாய்க் கரையில் மட்டும் அவள் ஊருக்குப் போயிருந்தாள்

சென்ற வியாழக்கிழமை காலை, கால்வாயின் மரப்பாலத்தில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் என் மனைவியின் இந்தியத் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

கேட்டதில் பிழையில்லை. வசந்தா ஜனவரி மாதமே இறந்துபோனது அவருக்குத் தெரியாது. மே மாதத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

இத்தனை மாதங்கள் எப்படி மறைக்க முடிந்தது என்று கேட்பீர்கள். மறைப்பதற்காக நான் எதுவுமே செய்யவில்லை. 'ஆமாம்' என்று மட்டும் சொன்னேன். மீதியை அவரே பார்த்துக்கொண்டார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் கால்வாய் புதிதல்ல. நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டனுக்கும் வெஸ்ட் வின்ட்சருக்கும் இடையே மரங்களுக்குள் ஒளிந்து ஓடுவது. ஒரு காலத்தில் நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரை. இன்று படகும் இல்லை, கழுதையும் இல்லை, ஓய்வுபெற்றவர்கள் நடக்கிறோம். வித்தியாசம் அதிகமில்லை என்பாள் வசந்தா.

நாங்கள் கால்வாயோரம் நடக்கத் தொடங்கியது இங்கே அல்ல; நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த இங்கிலாந்தின் பழைய ஊர் ஒன்றில். இடிந்த கோட்டைச் சுவர், உயரமான தேவாலயம், ஊரைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆறு, அந்த ஆற்றோடு ஒட்டியும் விலகியும் ஒரு கால்வாய். இரண்டே முறை பார்த்துப் பேசி மணந்துகொண்ட இருவர், ஒற்றை அறை வீட்டில். மெல்லிய சுவருக்கு அப்பால் வீட்டுக்கார அம்மாள். இங்கே தும்மினால் அங்கிருந்து 'பிளஸ் யூ' என்று குரல் வரும்.

அப்படிப்பட்ட அறையில் எப்படிச் சண்டை போடுவது? சண்டையே போடாமல் இருவர் ஒருவரையொருவர் எப்படித் தெரிந்துகொள்வது?

ஆகவே கால்வாய்க்குப் போனோம். ஒரு பக்கம் புல்வெளியும் பசுக்களும், மறுபக்கம் அசையாத தண்ணீர். அங்கே தமிழில் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் பேசலாம். எதிரே யாராவது வந்தால் வசந்தா சட்டென்று நிறுத்தி, புன்னகையோடு 'லவ்லி மார்னிங்' என்பாள். அவர்கள் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒரு சொல் பிசகாது.

பின்னாளில் நியூ ஜெர்சியில் வீடு தேடியபோது, பள்ளிக்கூடம் எப்படி, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். அவள் விசாரித்தது கால்வாயை.

இங்கே எங்களுக்குள் சண்டை குறைந்துவிட்டிருந்தது. ஆகவே மற்றவர்களிடம் பேசத் தொடங்கினாள். நான் பத்தடி முன்னால் நடப்பேன். அவள் பின்னால் யாரிடமாவது ஊர், பிள்ளை, முட்டிவலி விசாரித்துக்கொண்டு நிற்பாள். கரையில் இருந்த நட்பெல்லாம் அவளுடையது. நான் 'மேடத்தோட சார்'. அவ்வளவுதான்.

ஜனவரியில் அது முடிந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

அதற்குப் பின் நடந்த ஒன்றைப் பற்றி எழுதலாம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நம்மவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். ஊரில் இது எளிது. செருப்பை மாட்டினால் தெருவில் இருப்பீர்கள். நியூ ஜெர்சியின் குளிர்காலத்தில்? பூட்ஸ் போட வேண்டும். ஜிப் மாட்டிக்கொள்ளும். ஒரு கையுறை கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. குல்லாய், மஃப்ளர்... இத்தனையும் வாசற்படியில், என் முன்னால், ஒரு வார்த்தை பேசாமல், என் முகத்தையும் பார்க்காமல். பிறகு கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்கும். சொல்லாமல் போவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு முன்பு தெரியாது.

நல்ல மனிதர்கள். முறை தெரிந்தவர்கள். 'வருகிறேன்' என்று சொல்லாமல் போனார்கள். பெரும்பாலும் அதன்படியே நடந்தும் கொண்டார்கள்.

மே மாதம் ஒரு நாள் காலை, மரப்பாலத்தருகே பின்னாலிருந்து ஒரு குரல்.

"வணக்கமுங்க சார்! நாபகம் இருக்குதுங்களா? பொன்னுசாமி, பொள்ளாச்சி. போன தடவ எங்கூட்டுல குளுருல நடுங்கிட்டு நின்னப்ப, மேடம் அவங்க கையுறையக் கழட்டிக் குடுத்தாங்களே!"

'எங்கூட்டுல' என்றால் கொங்குப் பேச்சில் 'என் மனைவி'. முகம் நினைவில்லை. அந்தக் கையுறை நினைவிருந்தது. நீலம். அன்று முழுவதும் தன் இடது கையையும் வலது கையையும் என் கோட்டுப் பைகளில் மாற்றி மாற்றி நுழைத்துக்கொண்டு வந்தாள்.

பொன்னுசாமி மின் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் வீட்டுக்கு இரண்டாம் முறையாக வந்திருந்தார். இம்முறை தனியாக, மனைவிக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வாம்.

என் பின்னால் எட்டிப் பார்த்தார். "மேடம் எங்கீங்க? ஊருக்குப் போயிருக்காங்களாட்ட?"

இந்தக் கரையில் நடக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. ஒருவரைக் காணோம் என்றால் டிக்கெட் போட்டுப் போய்விட்டார் என்றுதான் இங்கே யாருக்கும் தோன்றும்.

"ஆமாம்" என்றேன்.

"கோயமுத்தூருக்குத்தானுங்களே? தங்கச்சி வூடு அங்க இருக்குதுன்னு சொல்லீருக்காங்க."

"ஆமாம்."

"வெய்யில் காலத்துல போயிருக்காங்களே! சரி, மாம்பழமாச்சும் திம்பாங்க."

அதற்கும் ஆமாம் என்றேன்.

மறுநாளே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மறுநாள் அவர் கால்வாயை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க சார், இத்தன தண்ணி சும்மா போவுது, கரையில ஒரு மோட்டாரக் காணமே! எங்கூருப்பக்கம்னா ராத்திரியோட ராத்திரியா எறக்கியிருப்பானுங்க."

"இது குடிதண்ணீருக்குப் போகுது. போலீஸ் பிடிச்சுடும் சார்."

"அங்கயுந்தானுங்க புடிக்கறாங்க. புடிச்சா என்ன, அதுக்குள்ள தண்ணி பாஞ்சிருச்சல்லோ!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயால் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

கோடை முழுவதும் இப்படியே போயிற்று. மகள் கலிபோர்னியாவிலிருந்து வாரந்தோறும் அழைப்பாள். "அப்பா, தனியா வாக் போறீங்களா? சேஃப் இல்லப்பா. பேசாம இங்க மூவ் பண்ணிடுங்க." தனியாகப் போகவில்லை, பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கூட வருகிறார் என்பேன். "ஓ, நைஸ். அம்மாவோட ஃப்ரெண்டா?" என்பாள். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று அவள் கேட்டதில்லை. யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றாது அல்லவா?

பொன்னுசாமிக்கு என்னைச் சீண்டுவதில் ஒரு தனி மகிழ்ச்சி. "மேடம் இல்லாம சோறு தண்ணிக்கு எப்படீங்க? குக்கர மூடத் தெரியுங்களா?"

"ரசம் வைப்பேன்."

"ரசமா, இல்ல புளியக் கரைச்ச சுடுதண்ணிங்களா?"

கால்வாயில் விழுந்து கிடக்கும் மரக்கட்டை ஒன்றின்மேல் ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காயும். வசந்தா அங்கே நிற்காமல் நகர மாட்டாள். இவரும் நின்றார். "மேடத்துகிட்டச் சொல்லுங்க சார். கட்டமேல எடம் புடிக்கறதுக்குச் சண்ட போடுதுக, நம்மூரு டவுன் பஸ்ஸாட்ட!"

"சொல்றேன்" என்றேன்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். வங்கிக்குத் தெரிந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக்கடை, நூலகம், பல் மருத்துவர் — எல்லோருடைய கணினியும் அவளை எடுத்துவிட்டது. அவள் பெயருக்கு வந்துகொண்டிருந்த தள்ளுபடிக் கூப்பன்கள்கூட நின்றுவிட்டன. இந்த உலகத்தில் இன்னும் அவளுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்புகிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அக்டோபர். தண்ணீரின் மேல் இலைகள் பழுத்து மிதந்துகொண்டிருந்தன. பொன்னுசாமி பாலத்தின் நடுவில் நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சனிக்கெழம பிளைட்டுங்க சார். மேடம் நம்பரு குடுங்க. எங்கூட்டுல அந்தக் கையுறையப் பத்தரமா வெச்சிருக்கா. நேர்ல போயிக் குடுத்துப்போட்டு, ரெண்டு நாளைக்கு நம்ம தோட்டத்துக்குக் கூட்டிட்டு வரோணும்னு ஒரே புடியா நிக்கறா. பொள்ளாச்சி என்னங்க, கூப்புடு தூரம்."

வசந்தாவின் தங்கையின் எண்ணைக் கொடுத்திருக்கலாம். தங்கை எடுப்பாள். கையுறையோடு வாசலில் வந்து நிற்கப்போகும் ஒரு பெண்மணியிடம், நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்ல வேண்டியிருக்கும். அது நியாயமில்லை.

"பொன்னுசாமி சார்... வசந்தா இல்ல. ஜனவரியிலேயே போயிட்டா."

அந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னது அதுவே முதல் முறை. மற்ற எல்லோருக்கும் மகள் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் வாட்ஸ்அப் சொல்லியிருந்தது.

'ஆன் யுவர் லெஃப்ட்!' என்று மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. இருவரும் ஒழுங்காக வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டோம். சைக்கிள்காரர் நன்றி சொன்னார். நான் தலையசைத்தேன்.

பொன்னுசாமி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் அது அவர் உரிமை.

"அப்ப... நா ஆமையப் பத்தி மேடத்துகிட்டச் சொல்லச் சொன்னதெல்லாம்..."

"வீட்டுக்குப் போய்ச் சொன்னேன் சார்."



பார்க்கிங் வரை நடந்தோம். வழக்கமாக அந்த இடத்தில் 'வரனுங்க சார்' என்று சொல்லிக் கிளம்பி, நாலடி போய் இன்னொரு முறையும் திரும்பிச் சொல்வார். அன்று சொல்லவில்லை. கும்பிடவும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, மகன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அவரும் முறை தெரிந்தவர்தானே.

காருக்குள் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வீடுதான் துக்க வீடாக இருந்தது. இப்போது கால்வாயும் ஆகிவிட்டது; அதைச் செய்தவன் நானே.

வெள்ளிக்கிழமை போக வேண்டாம் என்று நினைத்தேன். அவருக்கும் கடைசி நாள், பெட்டி கட்டுகிற வேலை இருக்கும். வர மாட்டார். யாரும் வராத பாலத்தைப் பார்ப்பதற்கு எதற்குப் போக வேண்டும்? ஆனால் காலைகளில் வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. போனேன்.

பாலத்தின் மேல் நின்றிருந்தார்.

"என்னங்க சார், இன்னைக்கு லேட்டு? ரசம் பொங்கிருச்சுங்களா?"

நடந்தோம். வெகுதூரம் போன பிறகுதான் பேசினார். "ராத்திரி போன்ல எங்கூட்டுல சொன்னனுங்க. அழுதுட்டா. அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. சார் இனி ஒத்தையிலயா நடக்கறாருன்னு."

நான் பாதையில் கிடந்த இலைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நடந்தேன்.

"கையுறைய அவ யாருக்குந் தாறதா இல்லீங்களாம். கால் சரியாயிருச்சுன்னா அடுத்த தடவ அவளும் வாறாளாம். இங்க வந்து போட்டுக்கறாளாம்."

மரக்கட்டை அருகே நின்றோம். ஆமைகள் இல்லை. குளிர் தொடங்கினால் அவை சேற்றுக்குள் இறங்கிவிடும், வசந்தத்தில்தான் மேலே வரும் என்றேன். கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்: "மேடத்துக்கு இந்த எடம் ஏனுங்க அத்தன புடிச்சுது?"

ஜனவரியிலிருந்து, அவள் இல்லை என்று தெரிந்த யாரும் அவளைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டதில்லை. ஆறுதல்தான் சொன்னார்கள். இங்கிலாந்திலிருந்து தொடங்கினேன். மெல்லிய சுவர், வீட்டுக்கார அம்மாள், 'லவ்லி மார்னிங்'. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சண்டையப் பாதியில நிறுத்திப்போட்டு வணக்கஞ் சொல்லி, மறுக்காத் தொடங்குவாங்களா! கெட்டிக்காரங்க!" பார்க்கிங் வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

அங்கே நின்றார். நான் கீழே, சரளைக் கற்களைப் பார்த்துக்கொண்டேன். சொல்லாமல் போகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

"போயிட்டு வரனுங்க சார்."

தெரிந்தேதான் சொன்னார். நாலடி போய், திரும்பி, இன்னொரு முறையும் சொன்னார்.

"வாங்க" என்றேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்டு வைத்துக்கொண்டேன் — அவருடைய விசா இன்னும் ஆறு வருடங்களுக்குச் செல்லும்.