உச்சி என்று எழுதிய வரி

"ஞாயிறு. காலை 7.40 முதல் 9.05 வரை. ஏறியோர் அறுவர். அனைவரும் உச்சி."

எங்கள் பாறையேறும் கழகத்தின் பதிவுக் கொப்பியில் மூன்று வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட வரி இது. கையெழுத்து என்னுடையது. ஆறாவது ஆளும் நான்தான். நான் உச்சிக்குப் போகவில்லை.

பாறையில் ஏறி இறங்கினால் விரல் நுனிகள் உரிந்து பேனை பிடிக்க வராது. அதனால் காலைச் சாப்பாட்டின்போதே கொப்பியை நிரப்பிவிட்டு, நேரத்தை மட்டும் பிறகு போடுவது எங்கள் வழக்கம். அன்று முக்கால்வாசி உயரத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கயிற்றில் இறக்கிவிட்டார்கள். மழை வந்ததில் அவசரமாகக் கூடாரங்களைச் சுருட்டினோம். திரும்பும் வழியில் நேரத்தைப் போட்டேன். "அனைவரும்" என்பதைத் திருத்தவில்லை. மறந்துபோனேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வருடம் சொல்ல முடியாது. கோயில் மலரில் கும்பாபிஷேகத் திகதி ஒரு நாள் பிசகினாலும் கடிதம் எழுதுகிறவள் நான்.

அதே பாறைக்கு மறுபடி போவதென்று முடிவானபோது நானும் ஒன்றை முடிவு செய்தேன். இம்முறை மேலே போய்விட்டு உண்மையைச் சொல்வது; முடியாவிட்டால் போகாமலே சொல்வது. முதலாவதைத்தான் விரும்பினேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது.

சனிக்கிழமை 4.50க்குக் கொழும்பு வெள்ளவத்தையில் வாகனம் ஏறினேன். 5.25க்குக் கொட்டாஞ்சேனையில் என் கயிற்றுத் துணைவர், மீன் அடைத்த மாலுபாண் பொதியோடு ஏறினார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். போன முறை என் கயிற்றைப் பிடித்திருந்தவரும் அவர்தான். ஆகவே அந்த வரியின் கதை அவருக்குத் தெரியும். குருநாகலுக்கு அப்பால், வயல்களின் நடுவே மொட்டையாக நிற்கும் அந்தப் பாறையின் அடியில், குளக்கரையில் கூடாரம் அடித்தோம்.

ஞாயிறு காலை பாணும் பருப்பும் சாப்பிடும்போது கொப்பியில் என் இடத்தை வெறுமையாக விட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, போன முறை மாதிரி கொப்பியிலயே ஏறி இறங்கினா முழங்காலுக்கும் நல்லம்தானே?"

"கதைக்காமல் முடிச்சைப் பாருங்கோ தம்பி."

ஒருவர் கட்டிய முடிச்சை மற்றவர் தொட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகே பாறையில் கை வைக்கலாம். அவர் தொட்டார். "பார்த்திட்டன். கொண்டெய்னரே தொங்கும். ஏறுங்க, நான் இருக்கிறன்."

இந்தத் தீவின் பாறைகளின் வயதை நூறு கோடி ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள் என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு; கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவது வேறு. இரவின் குளிர் இன்னும் கல்லுக்குள் இருந்தது. திகதி போட்டே பழகிய எனக்கு, திகதி ஒட்டாத ஒன்றின்மேல் நான் தொங்குகிறேன் என்று தோன்றியது.

அதே முக்கால்வாசியில் அதே கால் இழுத்தது. வலப்பக்கம்தான் எல்லோரும் ஏறும் வழி. நான் சரிவு குறைந்த இடப்பக்கம் நகர்ந்தேன்.

"அக்கா, எங்க போறீங்க? வழி அந்தப் பக்கம்!"

"கால் சொல்லுக் கேக்குதில்லை. கொஞ்சம் கயிறு விடுங்கோ!"

பாசிக்குள் விரல் விட்டேன். ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. பாறை தானாக அவ்வளவு நேராக உடையாது. பாசியை வழித்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி; அதன் அடியில் உளி இழுத்த கோடுகள். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று. அதற்கு மேல் மற்றொன்று. மொத்தம் நான்கு. என்னைப்போல் குட்டையான ஒருவரின் எட்டுக்கு அளவாக அவை இருந்தன. ஒவ்வொன்றிலும் என் முன்பாதம் சரியாக உட்கார்ந்தது. கால் வலியை மறந்துவிட்டேன். யாரோ கயிறில்லாமல், ஒரு கையால் பாறையைப் பிடித்து, மறு கையால் இங்கே கல் வெட்டியிருக்கிறார்.

8.52க்கு உச்சி. குளங்கள் வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. கழகத்தார் கைதட்டினார்கள். கீழே குழிகள் இருந்த பக்கம் கை காட்டினேன். கழகத் தலைவர் கயிற்றில் இறங்கி முதல் குழிக்குள் விரல்களை வைத்தார். நெடுநேரம் அவற்றை வெளியே எடுக்கவில்லை.

இறங்கியதும், உரிந்த விரல்களாலேயே, எல்லோர் முன்னும் பழைய வரியில் "அனைவரும் உச்சி" என்பதை வெட்டினேன். "ஐவர் உச்சி. ஒருவர் முக்கால்வாசி" என்று எழுதி உரக்க வாசித்தேன். துணைவர் கொப்பியின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "இப்பாறையில் முதல் ஏற்றம்: எமது கழகம்" என்று அங்கே இருந்தது.

"அப்ப இதையும் வெட்டணுமே அக்கா?"

தலைவர் என்னிடமிருந்து பேனையை வாங்கி, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

தேன் எடுப்பவர்கள் வெட்டியது என்று குளக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். குகையில் தங்கிய பிக்கு ஒருவர் வெட்டியது என்று சந்திக் கடைக்காரர் சொன்னார். இருவரும் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார்கள். அன்றைய பதிவில் என் பெயருக்கு நேரே "உச்சி, 8.52" என்றும், குறிப்புப் பகுதியில் இதையும் எழுதினேன்: "இடப்பக்கம் வெட்டுப்படிகள் நான்கு. வெட்டியவர், காலம்: உறுதி செய்யப்படவில்லை."