வால்வு வைத்த இடம்

எங்கள் மர்பி டவுன் வீட்டுக் குளியலறையில் முன்பெல்லாம் தனியாளாக வெந்நீரில் குளிக்க முடியாது. விறகு பாய்லர் வெளியே, பின்பக்கச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. வெளியே பாய்லரின் புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் உள்ளே ஒரு குடம் வெந்நீர் விழும். ஒருவர் ஊற்ற ஒருவர் குளிக்க என்று, நானும் என் மனைவியும் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

நான் உள்ளே இருந்தால், "போதுமா?" என்று வெளியிலிருந்து குரல் வரும். வேண்டுமென்றே பதில் சொல்லமாட்டேன். "போதும்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் இன்னா? கை கழண்டு போவுது!" என்று கத்துவாள். கத்திக்கொண்டே இன்னொரு குடம் ஊற்றுவாள்.

போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு நானே வெளியே ஊற்றிவிட்டு உள்ளே ஓடினேன். ஈரத்துண்டோடு அலைந்ததில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். சென்னையிலிருக்கும் மகன் போனில், "பேசாம கெய்சர் போட்டுக்கோப்பா" என்றான். மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்றான். ஆமாம், பிடிவாதம்தான். அவளும் நானும் சேர்ந்து வாங்கிய பாய்லர் அது.

அல்சூரிலிருந்து ஒரு பிளம்பரை வரவழைத்தேன். மாடி டேங்கிலிருந்து பைப் இறக்கி பாய்லரோடு சேர்த்துவிட்டால், வால்வைத் திறந்தால் போதும், ஊற்ற ஆளே வேண்டாம் என்றார்.

"வால்வு எங்க சார் வெக்கட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை. பாய்லர் பக்கத்தில், அவள் குடத்தோடு ஏறி நிற்கும் கல்லைக் காட்டி, அதன்மேல் நின்றால் அவள் கை வரும் உயரத்தில் என் கையை வைத்தேன். "இங்கதான். இந்த உயரத்துல."

"உங்களுக்கு ஸ்வல்ப கீழ இருக்குமே சார்?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"பரவாயில்ல, வெச்சிடுப்பா."

மறுநாள் காலையில் தேங்காய் மட்டை போட்டு நன்றாக எரியவிட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயடியில் வாளியை வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, "ம், ஊத்து" என்றேன்.

ஒரு சொட்டு விழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டை வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. வால்வைத் திறக்க வெளியே ஒருத்தி வேண்டும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிளம்பர் திரும்பி வந்து, "நீங்கதான சார் வெளிய வெக்கச் சொன்னீங்க!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பையைத் திறந்து வேலையைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் வால்வு உள்ளே வந்துவிட்டது.

இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே திறந்துகொள்கிறேன். வெந்நீர் தாராளமாக விழுகிறது. வாளி நிறைந்ததும் "போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மூடுகிறேன். அவள் கேட்டபோது ஒருநாளாவது உடனே சொல்லியிருக்கலாம்.